எக்ஸ்போர்ட் செய்தால் ஏன் மங்குகிறது? வீட்டு வீடியோ எடிட்டிங் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): தங்கை கல்யாணத்தை போனில் 1080பி-யில் எடுத்தேன். போனில் பளிச்சென்று இருக்கிறது. எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்தால் மங்கலாகிவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

பதில்: செட்டிங்கைத் தொடும் முன், மங்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கேபிள் போட்டு போனிலிருந்து எடுத்த ஒரிஜினலையும் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலையும் ஒரே திரையில், ஒரே காட்சியில் நிறுத்தி ஒப்பிடுங்கள். போனின் சின்னத் திரையில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

ஒரிஜினல் நன்றாக இருந்து எக்ஸ்போர்ட் மட்டும் மங்கினால், முதலில் ரெசல்யூஷன் 1920 × 1080 தானா என்று பாருங்கள். அடுத்தது பிட்ரேட். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தகவல் எழுதலாம் என்ற வரம்பு அது. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 முறை, மாறாத பகுதியை முந்தைய ஃபிரேமிலிருந்தே (முந்தைய படத்திலிருந்தே) எடுத்துக்கொள்ளும். அதனால் 3 மெகாபிட் வைத்தால்கூட, மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை படம் தெளிவாகவே இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழும்போது பாருங்கள். படம் முழுக்க அரிசியும் பூவும் பறக்கும், முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. 3 மெகாபிட் போதாமல் முகங்கள் கட்டம் கட்டமாகக் கரைந்துவிடும். வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அந்த ஒரு நிமிடத்தைத்தான், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். 15 முதல் 20 மெகாபிட் வரை கொடுங்கள். 20 என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 9 ஜிபி வரும். பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்றும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): எனக்கு எடிட் செய்யும்போதே மங்கலாகத்தான் தெரிகிறது.

பதில்: கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க, பிரிவியூவை அரை அல்லது கால் அளவில் காட்டுவார்கள். பத்து நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள், அது தெளிவாக இருந்தால் கவலை இல்லை. ஆனால் ப்ராக்ஸி (எடிட் செய்வதற்காக மட்டும் உருவாக்கும் சின்ன நகல்) வைத்து எடிட் செய்கிறீர்கள் என்றால், எக்ஸ்போர்ட் பக்கத்தில் ப்ராக்ஸியையே பயன்படுத்தச் சொல்லும் டிக் விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அது இருந்தால் அந்தச் சின்ன நகல்தான் பெரிதாக்கப்பட்டு வெளியே வரும்.

கேள்வி (தஞ்சாவூர்): சொந்தக்காரர்கள் அனுப்பிய கிளிப்புகள் மட்டும் மங்குகின்றன. சிலது போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை.

பதில்: அனுப்பியது வாட்ஸ்அப்பில்தானே? சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடும், போன விவரம் திரும்ப வராது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும். ஒரிஜினலை அழிப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.

நிமிர்த்தி எடுத்ததன் அகலம் 1080 புள்ளிகள்தான். 1920 அகல டைம்லைனை நிரப்ப அதை 1.78 மடங்கு இழுக்க வேண்டும், மேலும் கீழும் வெட்டவும் வேண்டும். இழுக்காதீர்கள். நடுவில் முழுதாக வைத்து, இரு பக்கமும் கறுப்பாகவே விடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அம்மா அப்பாவின் கல்யாண விஎச்எஸ் கேசட்டை கடையில் டிஜிட்டல் ஆக்கினோம். கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன. மென்பொருளில் கோட்டை நீக்கினால் படம் இன்னும் மங்குகிறது.

பதில்: அது கேசட்டின் பழுது இல்லை. நம் பக்கத்து டிவி முறையான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு ஃபீல்டுகளாக, வெவ்வேறு கணங்களில் பதிவானது. அசையும் கை இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் பல் தெரிகிறது. உங்கள் மென்பொருள் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிகிறது அல்லது இரண்டையும் குழைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். இரண்டிலுமே விவரம் போய்விடும்.

கடையில் 720 × 576 இன்டர்லேஸ் ஃபைலாகவே, அதாவது இரண்டு ஃபீல்டுகளும் அப்படியே இருக்கும் ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். இந்தக் கோடுகளை நீக்கும் யாடிஃப் (yadif) அல்லது பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டரில், ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற வகையில் 50 ஃபிரேமாக மாற்றுங்கள். அசைவு முன்னும் பின்னும் துள்ளினால் ஃபீல்டு வரிசை தலைகீழ், மாற்றிப் போடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அளவைப் பெரிதாக்க வேண்டும். முன்பே பெரிதாக்கினால் பற்கள் படத்தோடு கலந்து நிரந்தரமாகிவிடும். வடிவத்தை 4:3 ஆகவே வையுங்கள். டிவியை நிரப்ப இழுத்தால் மணமக்கள் குண்டாகத்தான் தெரிவார்கள்.

விஎச்எஸ் தருவது சுமார் 240 கோடு தெளிவு. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. முகத்தைப் புதிதாக வரையும் ஏஐ கருவிகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மங்கலாக இருந்தாலும் அது உங்கள் பாட்டியின் முகம். அந்தக் கருவி தருவது வேறு யாரோ ஒருவருடைய முகம்.

கேள்வி (கோவை): யூடியூபில் ஏற்றியவுடன் மங்கலாகத் தெரிகிறது.

பதில்: முதலில் குறைந்த தர நகல் வரும், எச்டி பின்னால் வரும். சில மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி (திருச்சி, மறுபடியும்): ஒப்பிட்டேன். மண்டபத்துக்குள் எடுத்தவை ஒரிஜினலிலேயே மங்கல். ஷார்ப்பன் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வெளிச்சம் போதாத இடத்தில் ஷட்டர் மெதுவாக மூடும், அசைந்தது இழுவிக்கொள்ளும். ஷார்ப்பன் அந்த இழுவலின் ஓரத்தைத்தான் கூர்மையாக்கும், கூடவே புள்ளிப் புள்ளியான இரைச்சலையும். அந்தக் காட்சிகளைக் குறைத்து, ஆட்கள் நிற்கும் பகுதிகளை வையுங்கள். அடுத்த முறை லென்ஸைத் துடைத்துவிட்டு, ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்துங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்குவதும் குறையும்.

கேள்வி (மதுரை): படம் தெளிவாக வருகிறது. சிவப்பில் போட்ட பெயர்கள் மட்டும் ஓரம் கலங்குகின்றன.

பதில்: சாதாரண எச்.264 வீடியோ வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகவும் சேமிக்கிறது. அடர் சிவப்பு எழுத்தின் ஓரம் பெரும்பாலும் நிறத்தால் மட்டுமே தெரிவது, அதனால் கலங்கும். எழுத்தை வெள்ளையாக்கி, மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுங்கள். சிவப்புதான் வேண்டும் என்றால் எழுத்துக்குப் பின்னால் சிவப்புப் பட்டையாக வையுங்கள்.