இருக்கையைக் கண்ட பிறகு மாற்றுங்கள்
வாசகர் கேள்வி – பதில்: கார்டு பாயிண்ட்டும் விமான மைலும்

கிரெடிட் கார்டில் செலவழித்தால் பாயிண்ட் சேரும். அதை விமான நிறுவனத்தின் ‘மைல்’ ஆக மாற்றி, அந்த மைலைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். விமான நிறுவனமொன்றின் மைல் திட்ட உதவி மையத்தில் நெடுங்காலம் தொலைபேசியில் பதில் சொன்னவர், இதைப் பற்றி இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

என் கிரெடிட் கார்டு பாயிண்ட்டை விமானத் திட்டத்துக்கு மாற்றினால் ஒன்றுக்கு ஒன்று. ஓட்டல் திட்டத்துக்கு மாற்றினால் ஒன்றுக்கு இரண்டு. கையில் இரண்டு கிடைக்கும்போது ஒன்றை வாங்குவானேன்? என் மகன் விமானத்துக்கு மாற்று என்கிறான். நீங்கள் சொல்லுங்கள் அம்மா.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள் ஐயா. ஒவ்வொரு திட்டமும் தன் பாயிண்ட்டுக்குத் தானே விலை வைக்கிறது. மேரியட் ஓட்டல்களின் பான்வாய் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டல் பாயிண்ட்டை விமான மைலாக மாற்றப் போனால், பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மூன்று பாயிண்ட்டுக்கு ஒரு மைல்தான் தருகிறார்கள். தங்கள் பாயிண்ட் மூன்று சேர்ந்தால்தான் ஒரு மைலுக்கு ஈடு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற விளம்பரத்தைக் கண்டு நாம் ஏன் துள்ள வேண்டும்?

கணக்கு மிக எளிது. டிக்கெட்டின் பண விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணங்களைக் கழியுங்கள். மிச்சத்தை, உங்கள் கார்டிலிருந்து போகும் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுங்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். டிக்கெட் விலை 42,000. மைலில் எடுத்தால் 25,000 மைலும் 7,000 வரியும். ஆக 35,000ஐ 25,000ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட்டுக்கு 1.40. அதே 25,000 பாயிண்ட்டை ஓட்டலுக்கு மாற்றினால் 50,000 ஆகிறது. அதில் 24,000 மதிப்புள்ள இரண்டு இரவுகள் கிடைத்தால் ஒரு பாயிண்ட்டுக்கு 0.96. இந்தக் கணக்கில் உங்கள் மகன் சொன்னதுதான் சரி. நாளைக்கே ஓட்டல் விலை இரட்டிப்பானால் நீங்கள் சொன்னது சரியாகிவிடும். விகிதம் மாறாது, மதிப்பு மட்டும் மாறும்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கும் மாற்றாமல், பாயிண்ட்டைக் கார்டு பில்லிலேயே கழித்துக்கொண்டால் எவ்வளவு கிடைக்கும்? அதுதான் உங்கள் அடிமட்ட விலை. அது 0.50 என்றால், அதற்குக் கீழே மதிப்புத் தரும் எந்த மாற்றமும் நஷ்டம்.

பிசினஸ் வகுப்பில் மாற்றினால் பாயிண்ட்டின் மதிப்பு பல மடங்கு என்கிறார்களே, உண்மையா?

கணக்கில் உண்மை. உங்கள் வாழ்க்கையில் உண்மையா என்பது வேறு கேள்வி. மேலே சொன்ன அதே பயணத்துக்குப் பிசினஸ் வகுப்பு விலை 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். மைலில் 80,000, வரி 10,000. வகுத்தால் ஒரு பாயிண்ட்டுக்கு 2.50. பிரமாதம்! ஆனால் பணம் கொடுத்து 2,10,000க்கு நீங்கள் அந்த இருக்கையை வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், சாதாரண வகுப்புக்குக் கொடுத்திருக்கக்கூடிய 42,000ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். 42,000லிருந்து 10,000 போக 32,000. அதை 80,000ஆல் வகுத்தால் 0.40. பில்லில் கழித்திருந்தாலே இதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

படுத்துக்கொண்டு போகும் சுகத்துக்கு விலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை நீங்களே வையுங்கள். முதுகு வலிக்காமல் போய்ச் சேர மேற்கொண்டு 30,000 கொடுப்பேன் என்றால், 72,000லிருந்து 10,000 கழித்து வகுங்கள்: 0.78 வரும். நியாயமான எண். இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். மற்றவர்கள் பெருமையாகச் சொல்லும் 2.50, அவர்கள் கொடுத்தே இருக்காத பணத்தின் கணக்கு.

இன்று நள்ளிரவு வரை மாற்றினால் 30 விழுக்காடு கூடுதல் மைல் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பயணத் திட்டம் எதுவும் இப்போதைக்கு இல்லை. விட்டால் வருத்தப்படுவேனோ?

விட்டுவிடுங்கள் தம்பி. இத்தகைய சலுகைகள் சுற்றிச் சுற்றி வருபவை. இந்தத் திட்டத்துக்கு இல்லாவிட்டால் அடுத்ததற்கு வரும்.

கார்டில் இருக்கும்வரை உங்கள் பாயிண்ட் பத்துப் பதினைந்து திட்டங்களுக்குப் போகலாம். மாற்றிய நொடியில் அது ஒரே ஒரு திட்டத்தின் மைல். திரும்பக் கார்டுக்கு வராது. உதவி மையத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், ‘தவறுதலாக மாற்றிவிட்டேன், திருப்பி அனுப்ப முடியுமா?’ என்பதுதான். பேசுபவர் அழுதாலும் என் கணினித் திரையில் அதற்கு ஒரு பொத்தான்கூடக் கிடையாது. மைல் டிக்கெட்டை ரத்து செய்தாலும் அப்படியே: மைல் விமானக் கணக்குக்குத் திரும்பும், கார்டுக்குத் திரும்பாது.

அடுத்தது, மைல் தேயும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும். மாற்றிய நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கெடுவே இல்லாத திட்டங்களிலும் விலை ஏறும். ஒரு காலத்தில் எந்தப் பகுதிக்கு எத்தனை மைல் என்று அட்டவணை அச்சிட்டு வெளியிடுவார்கள். அமெரிக்க விமான நிறுவனங்களில் டெல்டா 2015இல் தன் அட்டவணையை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019இல் எடுத்தது. அட்டவணை போன பிறகு மைல் விலை பண விலையின் பின்னால் ஏறி இறங்குகிறது. முன்னறிவிப்பு கொடுக்க வேண்டிய கட்டாயமும் போயிற்று. இன்று 30 விழுக்காடு கூட்டிக் கொடுத்துவிட்டு, நாளை விலையை 40 விழுக்காடு ஏற்றினால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

எப்போது அந்தச் சலுகையைப் பிடிக்கலாம்? வேண்டிய தேதியில் வேண்டிய இருக்கை கண்முன்னே இருக்கும்போது. அப்போது 30 விழுக்காடு என்பது நிஜமான தள்ளுபடி. 65,000 மைல் டிக்கெட்டுக்கு 50,000 பாயிண்ட் போதும்.

இணையதளத்தில் இருக்கை காட்டியது. நம்பிப் பாயிண்ட்டை மாற்றினேன். மைல் வந்து சேர்ந்து, பதிவு செய்யப் போனால் ‘கிடைக்கவில்லை’ என்கிறது. யார் மீது தவறு?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். மைல் வருவதற்குள் வேறொருவர் அந்த இருக்கையை எடுத்திருக்கலாம். அல்லது, அந்த இருக்கை தொடக்கத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதை எங்கள் வட்டத்தில் ‘பேய் இருக்கை’ என்போம். கூட்டாளி நிறுவனம், அதாவது உங்கள் மைலுக்கு இருக்கை தரும் வேறொரு விமான நிறுவனம், அந்த இருக்கையை எப்போதோ மூடியிருக்கும். உங்கள் திட்டத்தின் இணையதளம் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருக்கும். கடைசிப் பொத்தானை அழுத்தும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு, நிதானமாகச் சொல்கிறேன். கூட்டணி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று மைல் இருக்கையைத் திறந்துவிடும்போது அதற்குத் தனி எழுத்து வைத்திருக்கும். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் எகானமிக்கு ‘எக்ஸ்’, பிசினஸுக்கு ‘ஐ’, முதல் வகுப்புக்கு ‘ஓ’. எங்கள் திரையில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ‘ஐ2’ என்றால் மைலில் எடுக்க இரண்டு பிசினஸ் இருக்கை. ‘ஐ0’ என்றால் இணையதளம் என்ன காட்டினாலும் ஒன்றுமில்லை. விமானத்தில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும்கூட ‘ஐ0’ இருக்கலாம், ஏனென்றால் மைலுக்கு எத்தனை திறப்பது என்று முடிவு செய்வது வருவாய்ப் பிரிவு. ‘விமானம் காலியாகத்தானே போகிறது!’ என்று என்னைத் திட்டியவர்களுக்கு இதை விளக்கியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

ஆகவே, இணையதளத்தில் கண்டதும் அதே கூட்டணியின் இன்னொரு திட்டத்தின் இணையதளத்திலும் அதே விமானத்தை, அதே தேதியில் தேடுங்கள். இரண்டிலும் இருந்தால் பெரும்பாலும் நிஜம். பிறகு உதவி மையத்தை அழைத்து, விமான எண்ணைச் சொல்லி, ‘கூட்டாளி மைல் இருக்கை உங்கள் திரையில் தெரிகிறதா?’ என்று கேளுங்கள். தெரிகிறது என்றால் அடுத்த கேள்வி: ‘மைல் வந்து சேரும்வரை பிடித்து வைக்க முடியுமா?’ சில நிறுவனங்கள் ஓரிரு நாள் பிடித்து வைக்கும், சில வைக்காது. கேட்பதற்குக் காசில்லை.

மாற்றம் எவ்வளவு நேரத்தில் முடியும் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் சில நிமிடம், சிலவற்றில் சில நாள். எப்போதாவது பயன்படுத்தக்கூடும் என்று நினைக்கும் திட்டத்துக்கு, அவசரமில்லாத ஒரு நாளில், அனுமதிக்கப்படும் மிகக் குறைந்த அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். கணக்கு இணைப்பு சரியா, எத்தனை நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். இதற்காகப் போகும் சிறு தொகையை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

இலவச டிக்கெட் என்றார்கள். வரி என்று ஒரு பெரிய தொகை கேட்கிறது. இதென்ன அநியாயம்?

அதில் ஒரு பெரும்பகுதி பல நேரம் வரியாகவே இருக்காது அம்மா. விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் ஒரு பகுதி. மற்றது நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். எரிபொருள் பெயரில் தொடங்கியது, டிக்கெட்டில் ‘ஒய்க்யூ’, ‘ஒய்ஆர்’ என்ற குறிகளில் ஒளிந்திருக்கும். வரி என்ற தலைப்பின் கீழே போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைப்பு.

தப்பிக்க வழி இருக்கிறது. ஒரே விமானத்தின் ஒரே இருக்கையை வெவ்வேறு திட்டங்களின் மைலில் எடுக்கலாம். ஒரு திட்டம் இந்தக் கூடுதல் கட்டணத்தை வசூலிக்கும், இன்னொன்று வசூலிக்காது. ஏர் கனடாவின் ஏரோபிளான் 2020 நவம்பரில் தன் திட்டத்தைப் புதிதாக அமைத்தபோது மைல் டிக்கெட்டில் இந்தக் கூடுதல் கட்டணத்தை நிறுத்தியது. கூட்டாளி விமானங்களுக்கு ஒரு சிறு பதிவுக் கட்டணம் மட்டும் வாங்குகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எந்த விமானத்தில் பறக்கப்போகிறோம் என்பது. அதை முடிவு செய்த பிறகு, அந்த விமானத்துக்கு மைல் டிக்கெட் தரும் திட்டங்களில் எது உங்கள் கார்டின் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம்வரை போய், கட்ட வேண்டிய தொகையை எழுதிக்கொள்ளுங்கள். மைல் குறைவாகக் கேட்கும் திட்டமே கட்டணத்தைக் கூட்டிவிடுவதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

‘ஏவியோஸ்’ என்ற பெயரில் வழங்கும் மைலை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் ஆகியவை ஒரே ஏவியோஸைப் பயன்படுத்துகின்றன. கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்று இடம் மாற்றலாம். ஒரே பயணத்துக்கு இவை கேட்கும் மைலும் கட்டணமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இலாபம்.

என் பாயிண்ட்டை மனைவியின் மைல் கணக்குக்கு மாற்றலாமா?

பெரும்பாலான கார்டுகள் கார்டுதாரரின் சொந்தக் கணக்குக்கு மட்டுமே அனுமதிக்கும். ஆனால் உங்கள் மைலில் மனைவிக்கு டிக்கெட் எடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. யாருக்கு எடுக்கலாம் என்ற பட்டியலை முன்பே பதிவு செய்யச் சொல்லும் திட்டங்களும் உண்டு. கார்டில் உள்ள பெயரும் மைல் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்து மாற்றம் சிக்கிய கதைகள் ஏராளம்.

நாங்கள் பயணமே போவதில்லை. பாயிண்ட் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னாலும் சரி. மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டாதவர்களுக்கும் இதே பதில்தான்: ஒரு மாத வட்டி, பல மாதம் சேர்த்த பாயிண்ட்டைத் தின்றுவிடும். முதலில் கடனை அடையுங்கள், மைலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பள்ளி விடுமுறையில் நான்கு பேர் போக வேண்டும். ஒருபோதும் நான்கு இருக்கை சேர்ந்து கிடைப்பதில்லை.

பல நிறுவனங்கள் ஏறக்குறைய 330 முதல் 360 நாள் முன்னதாக இருக்கைகளைத் திறக்கின்றன. அன்றே தேடுங்கள். அப்போதும் இரண்டுதான் தெரிந்தால், இரண்டு பேருக்கு ஒரு விமானம், மற்ற இருவருக்கு அதே நாளின் வேறு விமானம் என்று பிரியலாம். பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று சேருங்கள். தேதி நெருங்கியும் விற்காத இருக்கையைக் கடைசி இரண்டு வாரத்தில் மைலுக்குத் திறப்பதும் உண்டு. ஆனால் விடுமுறைக் காலத்தில் நான்கு பேருக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கச் சொல்ல மாட்டேன். மூன்று இருக்கை மைலில் கிடைத்தால் நான்காவதைப் பணம் கொடுத்து வாங்குங்கள், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியும் அடிமட்ட விலையைத் தாண்டினால் உடனே பதிவு செய்துவிடுங்கள்.