க்விஸ்ஸில் 90, தேர்வில் தடுமாற்றம்: ஏன்?

கேள்வி: கல்லூரியில் கணிதம் முதலாண்டு படிக்கிறேன். வாராவாரம் இணையத்தில் வரும் சுயமதிப்பீட்டு க்விஸ்ஸில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குகிறேன். தேர்வில் அதே பாடம் வந்தால் கை ஓடவில்லை. க்விஸ் போடுவதே வீணா?

பதில்: வீணில்லை. ஆனால் அந்த 90 எத்தனையாவது முயற்சியில் வந்தது? பக்கத்தில் நோட்டு திறந்திருந்ததா? தீர்வைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே மறுபடி போட்டால், எண்கள் மாறியிருந்தாலும் கணக்கின் அச்சு கண்ணுக்குள்ளேயே நிற்கும். நோட்டை மூடிவிட்டு ஒரு முறை போடுங்கள். அடுத்த முறை மூன்று நான்கு நாள் கழித்து.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தொகையிடல் கேள்விகளில் ஒரு குறுக்குவழி உண்டு: வகையிடல் தொகையிடலின் எதிர்ச்செயல் என்பதால், விடைகளை வகையிட்டுப் பார்த்தாலே சரியானது சிக்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பகுதித் தொகையிடலில் (இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் முறை) ஒரு வரிகூடப் பழகியிருக்க மாட்டீர்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, தாளில் போட்டு முடித்த பிறகு பாருங்கள்.

விடையை அனுப்பும் முன் நோட்டில் உறுதி, சந்தேகம், குத்துமதிப்பு என ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுதி என்று குறித்துத் தப்பாகப் போனவற்றில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். சைன் 3எக்ஸ்²-இன் வகைக்கெழு (வளைவரையின் சாய்வைத் தருவது) காஸ் 3எக்ஸ்² என்று போடுகிறீர்கள். தப்பு என்று வருகிறது. உடனே தீர்வைத் திறக்காதீர்கள். எக்ஸ் = 0 என்று வையுங்கள். உங்கள் விடை 1 தருகிறது. ஆனால் சைன் 3எக்ஸ்² இரட்டைச் சார்பு, வளைவரை இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். 0-வில் சாய்வு 0 ஆகத்தான் இருக்க முடியும். அப்போ ஏதோ ஒரு காரணி விட்டுப்போயிருக்கிறது. சங்கிலி விதி (சார்புக்குள் சார்பு இருந்தால் உள்ளே இருப்பதன் வகைக்கெழுவாலும் பெருக்க வேண்டும்) தரும் 6எக்ஸ்தான் அது. தேர்வறையில் தப்பென்று சொல்லத் திரை எதுவும் இராது. இப்படி நீங்களேதான் பிடிக்க வேண்டும்.

(சில தப்புகள் கணக்கில் இல்லை, தட்டச்சில். 1/(2எக்ஸ்) என்று நினைத்து 1/2*எக்ஸ் என்று அடித்தால் மென்பொருள் அதை எக்ஸில் பாதி என்றே எடுத்துக்கொள்ளும். பின்னத்தில் கீழே வரும் பகுதி எண் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.)

நிரூபணம் பக்கம் க்விஸ் கொஞ்சம் பலவீனம்தான். ‘வரம்புடைய தொடர்முறை எல்லாம் ஒருங்கும்: சரியா, தவறா?’ (வரம்புடையது என்றால் உறுப்புகள் இரண்டு எண்களுக்குள் அடங்கியிருப்பது; ஒருங்குவது என்றால் ஒரே எண்ணை நெருங்கிப் போவது.) கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் பாதி வாய்ப்பு இருக்கிறது. தவறு என்று அழுத்தியதோடு விட்டுவிடாமல், 1, −1, 1, −1 என்று போகும் தொடர்முறையை எழுதி, அது ஏன் ஒருங்காது என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வுத் தாளில் மதிப்பெண் அந்த இரண்டு வரிக்குத்தான்.