பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேறு எஞ்சின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஐரோப்பிய கிளாசிக் கார்களில் கம்பெனி போட்ட எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாமா? நான் பார்ப்பது ஒன்றுதான்: பின்னால் வாங்குபவர் பழையபடி மாற்ற நினைத்தால் முடியுமா? முடியும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தகட்டை வெட்டித்தான் பொருத்த வேண்டும் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

லண்டனில் ஒரு 1973 டிரையம்ஃப் ஸ்டாக் விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது ரோவர் கம்பெனியின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். மற்ற ஸ்டாக்குகளைவிட விலை குறைவு. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதை ஏன் மாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

1970-இல் வந்த ஸ்டாக்கின் 3 லிட்டர் வி8, டிரையம்ஃபின் சொந்தத் தயாரிப்பு. அதற்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். கூலன்ட்டில் அரிப்புத் தடுப்பு மருந்து சரியாக இல்லாவிட்டால் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு ரேடியேட்டரை அடைக்கும். வாட்டர் பம்ப் எஞ்சினின் உச்சியில் இருக்கிறது. கூலன்ட் கொஞ்சம் இறங்கினாலே பம்ப் வேலை செய்யாது. வார்ப்பு மணல் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிட்ட எஞ்சின்களும் வெளியே வந்தன. ஹெட்டைக் கழற்றப் போனால், அதைப் பிடித்திருக்கும், சாய்வாகப் போட்ட ஸ்டட்கள் (தலையில்லாத நீண்ட திருகாணிகள்) அரித்து ஒட்டிக்கொண்டு கழலாது. டைமிங் செயின் ஒற்றை வரிசை. அது தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

ரோவரும் டிரையம்ஃபும் 1968 முதல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தவை. ரோவரிடம் 3.5 லிட்டர் வி8 தயாராக இருந்தது. ப்யூக்கிடமிருந்து உரிமை வாங்கிய, முழுக்க அலுமினியத்தால் ஆன, அருமையான எஞ்சின். அதைப் போடாமல் விட்டது பெரிய தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கம்பெனி செய்யாததை உரிமையாளர்கள் செய்தார்கள். அன்றைக்கு அது பல ஸ்டாக்குகளைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது.

இப்போது நிலைமை வேறு. டிரையம்ஃப் வி8-இன் நோய் என்ன, மருந்து என்ன என்று ஸ்டாக் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. நல்ல ரேடியேட்டர், சுத்தமான பிளாக், காலத்தோடு மாற்றிய செயின் இருந்தால் அது நம்பி ஓட்டக்கூடிய எஞ்சின்தான். அதன் சத்தமும் அதற்கே உரியது. அதனால்தான் ஒரிஜினல் எஞ்சின் உள்ள கார்களுக்கு விலை கூடுகிறது. நீங்கள் பார்க்கும் காரில், மவுண்டிங்கிற்காக எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று அடியில் படுத்துப் பாருங்கள். பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் 3528 சிசியும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பழைய எஞ்சின் கொட்டகையில் கிடக்கிறதா என்று கேளுங்கள். கிடந்தால் அதையும் சேர்த்துப் பேசி வாங்கிவிடுங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் வி8 போட்டால் அது போலியா?

போலி என்றால் எம்ஜி கம்பெனியே போலி செய்தது என்று சொல்ல வேண்டிவரும். கென் காஸ்டெல்லோ என்பவர் முதலில் ரோவர் வி8 போட்டு விற்றார். அப்புறம் கம்பெனியே 1973 முதல் 1976 வரை 2,591 எம்ஜிபி ஜிடி வி8 கார்களைச் செய்தது. ரோவரின் அலுமினிய வி8, எம்ஜிபியின் இரும்பு நான்கு சிலிண்டரைவிட அப்படியொன்றும் கனமில்லை. அதனால் காரின் குணம் கெடுவதில்லை. பிரேக்கையும் பின் ஆக்ஸிலையும் சேர்த்துப் பலப்படுத்துங்கள். பிரிட்டனில் 40 வயது தாண்டிய காருக்கு எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கேள்வி எழும் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இருக்கிறேன். என் 1975 போர்ஷே 911-இன் 2.7 எஞ்சினில் ஹெட் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. 3.0 எஸ்சி எஞ்சின் போடச் சொல்கிறார்கள்.

இது குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம். 2.7-இன் கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் எஞ்சின் உடல், மக்னீசியம். சூட்டில் அந்த மென்மையான உலோகம் ஸ்டட்டின் மரையைத் தாங்காது. 1978-இல் வந்த 911 எஸ்சியின் கிராங்க்கேஸ் அலுமினியம்; அந்தத் தொல்லை இல்லை. மவுண்டிங் பொருந்தும். எஸ்சியின் கிராங்க்கில் ஃப்ளைவீல் போல்ட் ஒன்பது, உங்களுடையதில் ஆறு. ஆகவே கிளட்ச் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கும். பழைய கார்களுக்கு ஜெர்மனி தரும் ஹெச் நம்பர் பிளேட்டுக்கு, கார் முதலில் பதிவான பத்து ஆண்டுகளுக்குள் வழக்கத்தில் இருந்த மாற்றம்தான் ஏற்கப்படும். 1978 எஞ்சின் அந்தக் கணக்குக்குள் வருகிறது. இருந்தாலும் சோதனை செய்யும் பொறியாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் காரின் எண் பொறித்த 2.7-ஐ ஒருபோதும் விற்காதீர்கள். மரையில் ஸ்டீல் இன்சர்ட் போட்டு அதை உயிர்ப்பிக்க முடியும். உங்களுடையது மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் உள்ள கரேரா என்றால் மாற்றும் பேச்சே வேண்டாம், அதே எஞ்சினைச் சரிசெய்யுங்கள்.

ஃபெராரி 308-இல் ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் எஞ்சினான கே24 போடுகிறார்களே, உங்கள் கருத்து?

எஞ்சின் ஏற்கெனவே தொலைந்துபோன, விபத்தில் அடிபட்ட வெறும் கூடு என்றால் செய்யட்டும், ரசிக்கிறேன். அதற்குப் பின்னால் உள்ள கைத்திறன் பெரியது. ஓடிக்கொண்டிருக்கும் 308-ஐப் பிரித்துச் செய்வதை நான் எதிர்க்கிறேன். 308-இல் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே ஒரே கட்டாக இருக்கிறது. எஞ்சின் போனால் அதுவும் போகும், பின்பக்கச் சட்டத்திலும் கைவைக்க வேண்டிவரும். திரும்பி வர வழியில்லை. பராமரிப்புச் செலவுக்குப் பயந்து மாற்றுகிறேன் என்பவர்கள், எஞ்சினை இறக்காமலே இதில் டைமிங் பெல்ட் மாற்ற முடியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

ஜாகுவார் ஈ-டைப்பை மின்சாரக் காராக மாற்றுவது கொலையா?

கொலை என்பது பெரிய வார்த்தை. ஜாகுவாரே 2017-இல் ஈ-டைப் ஸீரோவைக் காட்டியது. 40 கிலோவாட் மணி பேட்டரி. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்திலேயே, ஏறத்தாழ அதே அளவிலும் எடையிலும். காரை வெட்டவில்லை, பழைய எஞ்சினைத் திரும்பப் போடலாம். 2018-இல் இளவரசர் ஹாரி தன் திருமண நாளில் ஓட்டிச் சென்றது இப்படி மாற்றிய கார்தான். ஆனால் பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, மின்சாரத்துக்கு மாற்றியதை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறது. அது நியாயமான நிலைப்பாடு. எனக்கு அந்த ஆறு சிலிண்டரின் சத்தம் இல்லாத ஈ-டைப் வேண்டாம். வேண்டும் என்பவர் வெட்டாமல் செய்தால் தடுக்க மாட்டேன்.

கோயம்புத்தூரில் தாத்தா வாங்கிய பழைய எம்ஜி இருக்கிறது. டொயோட்டா டீசல் எஞ்சின் போடலாமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மேலும் 2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். எம்ஜிக்கு உதிரி பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. டீசல் எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய எஞ்சினையே ரீபோர் செய்து, பிரேக்கையும் வயரிங்கையும் புதுப்பித்துவிடலாம்.