பூச்சியுண்ணும் செடித் தொட்டியில் பாசி: வாசகர் கேள்வி – பதில்

வீனஸ் ஃப்ளைட்ராப் வைத்திருக்கும் தொட்டியில் மண் தெரியாத அளவுக்குப் பாசி படர்ந்துவிட்டது. செடிக்குப் போகவேண்டிய சத்தை அது உறிஞ்சிவிடுமா? பிடுங்கிவிடலாமா?
– வாசகி, கோவை

சத்து பறிபோகும் என்ற கவலை வேண்டாம். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மண்ணைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும்தான். உங்கள் செடிக்கோ சத்தில் பெரும்பகுதி பூச்சியிலிருந்து கிடைக்கிறது. எப்போதும் ஈரம், புளிப்புத்தன்மை, உரமில்லாத மண் ஆகிய மூன்றும் ஃப்ளைட்ராப்புக்குத் தேவை. பாசிக்கும் அவையே பிடிக்கும். ஆகவே குட்டையான, வெல்வெட் போன்ற பாசி வளர்ந்தால் உங்கள் நீரும் மண்ணும் சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய இடம் செடியின் நடுக்குருத்து. புது இலை கிளம்பும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அளவுக்குப் பாசி இருக்கக்கூடாது. மூடிவிட்டால் குருத்தில் ஈரம் தேங்கி அழுகல் வரும்.

எடுக்கும் முறை: முதலில் மண்ணை நன்றாக நனையுங்கள். ஒரு கை விரல்களால் குருத்தின் இரு பக்கமும் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூர்முனை ட்வீசரால் பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுங்கள். கொத்தாக இழுத்தால் பீட் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி மண்) கட்டியும் அதோடு வந்துவிடும், வேர் அறுபடும். குட்டி ஊசியிலைச் செடிகள் போல விறைப்பாக நிமிர்ந்து வளரும் உயரப் பாசிகள் இப்படித்தான் மண்ணை இறுகப் பிடித்திருக்கும். அவற்றை இழுக்காமல், நகம் வெட்டும் கத்தரியால் மண் மட்டத்துக்கு வெட்டுவதே நல்லது.

தட்டையாக, இலை போலப் படர்ந்து, மேலே சிறு கிண்ணங்கள் தெரிந்தால் அது பாசி அல்ல, மார்க்கான்ஷியா என்ற ஈரல் தாவரம். அதை விட்டுவைக்காதீர்கள். அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கும் பச்சைத் துணுக்குகள் நீர் தெறிக்கும்போது பக்கத்துத் தொட்டிக்கும் போய் முளைக்கும். மேல்மண்ணோடு ஒரு செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டு, கழுவிய சிலிக்கா மணலை அரை செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். சுண்ணாம்பு கலந்த மணல் ஆகாது. மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கக்கூடாது.

பாசி மறுபடி வேகமாக வந்தால் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் ஊற்றும் நீரைக் குறையுங்கள். ஒரு செ.மீ. ஊற்றி, வற்றிய பிறகு ஒரு நாள் விட்டு மறுபடி ஊற்றினால் மேல்மண் சற்றே உலரும். கோடையில் மட்டும் இந்த இடைவெளி வேண்டாம்.

ட்ரோசெரா (ஒட்டும் இலைகளால் பூச்சி பிடிக்கும் செடி) விதை போட்ட தொட்டியில் கரும்பச்சையாக, வழவழவென்று ஒரு படலம். முளைத்த கன்றுகளும் காணாமல் போகின்றன.
– வாசகர், தாம்பரம்

இதற்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். வழுக்கும் படலம் பாசிச் செடி அல்ல, நுண்ணுயிர்ப் படலம். நீரிலோ மண்ணிலோ உப்பும் உரமும் ஏறியிருப்பதன் அறிகுறியாகவே பெரும்பாலும் வரும். முதலில், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் நீரைச் சோதியுங்கள். 50 பி.பி.எம்.முக்குக் கீழ் இருக்கவேண்டும். வீட்டு ஆர்.ஓ. நீர் என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். குடிப்பதற்காகத் தாது சேர்க்கும் இயந்திரங்களில் இந்த அளவு எளிதாகத் தாண்டும். மழைநீர் நல்லது, மொட்டைமாடியின் முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

பீட்டுக்குப் பதில் தென்னைநார்த் தூள் போட்டிருந்தால் அதில் உப்பு இருக்கும். நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் டி.டி.எஸ். இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

அடுத்த முறை விதைக்கும்போது இரண்டு பங்கு பீட், ஒரு பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) கலந்து, அதன்மேல் கொதிநீரை ஊற்றி வடியவிடுங்கள். பாசி வித்துகள் பெரும்பாலும் செத்துவிடும். முழுதும் ஆறிய பிறகு விதையைத் தூவுங்கள். மேலே மண்ணோ மணலோ போடக்கூடாது. தூசு போன்ற அந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

இப்போது மிஞ்சியிருக்கும் கன்றுகளைக் காப்பாற்றலாம். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும் என்பதால் படலத்தை உரிக்க முயலாதீர்கள். பல்குத்தும் குச்சியின் தட்டையான முனையால், அடியில் சிறிது மண்ணோடு கன்றை ஏந்தி எடுத்துப் புதுத் தொட்டியில் வையுங்கள்.

பாசியை அழிக்க மயில்துத்தம் (தாமிர சல்பேட்) தெளிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. தாமிரம் பாசியைக் கொல்லும், அதே அளவில் உங்கள் செடியையும் கருக்கிவிடும். வினிகர், சோடா உப்பு, களைக்கொல்லி எதுவும் இந்தத் தொட்டிகளுக்கு ஒத்துவராது.

குடுவைச் செடிக்குக் காய்ந்த ஸ்பேக்னம் பாசி போட்டேன். அது இப்போது பச்சையாக முளைக்கிறது.
– வாசகி, குன்னூர்

நல்ல செய்தி. காய்ந்த ஸ்பேக்னத்தில் உயிருள்ள துணுக்குகள் இருந்தால் ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்ததும் துளிர்க்கும். நீரில் உப்பு ஏறினால் உங்கள் செடிக்கு முன்பே அதன் நுனி பழுத்துக் காட்டிக்கொடுக்கும். வளர்ந்த குடுவைச் செடியை அது ஒன்றும் செய்யாது. பக்கக் கன்று இருந்தால் மட்டும் அதை மூடாதபடி மாதம் ஒருமுறை ஸ்பேக்னத்தின் தலையை வெட்டிவிடுங்கள். வெட்டிய தலைகளை ஈரமான பீட்டின் மேல் பரப்பினால் அவையும் பிடித்துக்கொள்ளும்.