நேரோஸில் ஆற்றுக்குள் இறங்கும் முன்

கேள்வி: ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே நேரோஸ் என்ற குறுகலான பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்க ஆசை, 12 வயது மகனும் வருகிறான். சாதாரண ஷூ போதுமா?

ஷூ விஷயம் சுலபம், முதலில் முடித்துவிடுகிறேன். நேரோஸ் வழியே ஓடும் வர்ஜின் ஆற்றின் அடி முழுக்க வழுக்கும் உருண்டைக் கற்கள், அதனால் கணுக்காலைப் பிடித்து நிற்கும் பூட்ஸ், நியோப்ரீன் சாக்ஸ் (குளிர்ந்த நீரிலும் காலைச் சூடாக வைக்கும் ரப்பர் காலுறை), உயரமான தடி மூன்றையும் பூங்கா வாசலை ஒட்டியுள்ள ஸ்பிரிங்டேலில் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். ஒன்றுதான் எடுப்பேன் என்றால் தடியை எடுங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம்.

எனக்குக் கவலை ஆகஸ்ட் மாதம்தான். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். சுற்றிலும் மொட்டைப் பாறை, மண் குறைவு, விழுகிற மழையை உறிஞ்ச ஒன்றுமில்லை, அதனால் பல மைல் தள்ளி எங்கோ கொட்டிய மழை அப்படியே திரண்டு, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே பள்ளத்தாக்குக்குள் வந்து சேரும். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் இப்படி வந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள்.

அதனால் அன்று காலை பார்வையாளர் மையத்தில் திடீர் வெள்ள வாய்ப்பு எப்படி என்று கேட்காமல் இறங்காதீர்கள். எச்சரிக்கை வந்தாலோ, ஆற்றில் விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் நீர் ஓடினாலோ பூங்காக்காரர்களே நேரோஸை மூடிவிடுவார்கள், ஆனால் திறந்திருக்கிறது என்பதற்காக ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னறிவிப்பில் "வாய்ப்பு அதிகம்" என்று இருந்தால், பையன் எவ்வளவு கெஞ்சினாலும், நான் என்றால் போக மாட்டேன்.

இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், ஆகவே முதல் ஷட்டில் பஸ்ஸிலேயே ஏறி, கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கி, ஒரு மைல் நடைபாதையைக் கடந்து ஆற்றுக்குள் போய்விடுங்கள். திரும்பும் நேரத்தை மகனிடமும் முன்பே சொல்லிவையுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பிக் ஸ்பிரிங் வரை போகலாம், ஆனால் அது ஒரு வழிக்கே சுமார் 5 மைல், 12 வயதுக் கால்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆர்டர்வில் ஓடை வந்து சேரும் இடத்துக்கு அப்பால் வால் ஸ்ட்ரீட் என்ற பகுதி, அழகு உச்சத்தில் இருக்கும், ஆனால் இருபுறமும் செங்குத்துச் சுவர், ஏறி ஒதுங்க மேடே அரிது. வானம் கொஞ்சம் இருட்டினாலும் அதற்குள் நுழையாதீர்கள்.

நீர் திடீரென்று கலங்குகிறதா, குச்சியும் சருகும் மிதந்து வருகின்றனவா, மேலிருந்து இரைச்சல் கூடுகிறதா? உடனே அருகிலுள்ள மேட்டில் ஏறுங்கள், சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். வெள்ளத்தை முந்தி ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏறியபின் நீர் வடியும்வரை இறங்கக் கூடாது, ஓர் இரவு ஆனாலும் சரி.

அப்புறம், ஆற்றுநீரைக் குடிக்காதீர்கள், தலையை முக்கவும் விடாதீர்கள். 2020-இல் அதில் நச்சு நீலப்பச்சைப் பாசி கண்டறியப்பட்டது, வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அந்த நச்சு போகாது. நாள் முழுவதுக்கும் குடிநீரைக் கையோடு எடுத்துப் போங்கள்.