இருபத்தேழு தலைநகரங்களும் ஒரு மகஜரும்

அன்பின் ஐயா,

முல்லைத்தீவில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் செயலாளராக இருக்கிறேன். 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டபோது எல்லா நாட்டுச் சந்தையும் ஒரேயடியாக அடைபட்டது. ஆனால் காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எங்கள் பகுதி அமைப்புகள் அனுப்பும் மகஜர்களுக்குக் "கரிசனையுடன் கவனிக்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. இரண்டும் அதே நாடுகள்தானே? கூட்டாளிகளுக்குள் ஒரே குரல் ஏன் எழுவதில்லை? நாங்கள் யாருக்கு எழுதவேண்டும்?

வாசகர், முல்லைத்தீவு

அன்பின் தம்பிக்கு,

நாடுகள் அதேதான். முடிவெடுக்கும் முறைதான் வேறு. கடற்றொழிலிலும் வணிகத்திலும் உறுப்பு நாடுகள் தங்கள் அதிகாரத்தை ஒன்றியத்திடம் கையளித்துவிட்டன. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணைக்குழு முன்மொழியும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் சபை தகுதிப் பெரும்பான்மையால் முடிவெடுக்கும். இன்றைய கணக்கில் 27 நாடுகளில் 15, அவற்றில் மொத்த மக்கள்தொகையின் 65 சதவீதம் இருந்தால் போதும். ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நிற்காது. ஜி.எஸ்.பி. பிளஸ் ஏற்றுமதி வரிச்சலுகை 2010 ஓகஸ்டில் பறிபோனதும் 2017 மேயில் திரும்பி வந்ததும் இந்த வணிக வழியால்தான்.

வெளியுறவும் பாதுகாப்பும் அப்படியல்ல. ஒன்றிய ஒப்பந்தத்தின் 31ஆம் உறுப்புரை ஒருமனதான முடிவைக் கேட்கிறது. எட்டுக் கோடி மக்களுள்ள ஜேர்மனிக்கும் சில இலட்சம் மக்களுள்ள மோல்டாவுக்கும் அங்கே ஒரே பலம். ஓர் அறிக்கையின் வரைவு முதலில் ஆசிய விவகாரங்களுக்கான பணிக்குழுவுக்குப் போகும். பிறகு அரசியல் பாதுகாப்புக் குழுவின் தூதுவர்கள் முன்னால் வரும். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு தலைநகரமும் திருத்தம் சொல்லலாம். முழுதாக மறுக்கும் அவசியம் யாருக்கும் வருவதில்லை, ஒரு சொல்லை மென்மையாக்கக் கேட்டாலே போதும். பல கைகள் பட்டு வரும்போது "கண்டனம்" "கவலை" ஆகிவிடும்.

அந்தத் திருத்தங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் உள்நாட்டுக் கணக்குத்தான் இருக்கும். 2016இல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தின் பெரும்பங்கைச் சீனாவின் கொஸ்கோ நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு யூனில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் சீனாவைப் பற்றிய ஒன்றிய அறிக்கையைக் கிரேக்கம் தடுத்தது. 2020இல் பெலாருஸ் மீதான தடைகளைச் சைப்பிரஸ் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது. பெலாருஸ் அதற்குப் பிரச்சினையே இல்லை, துருக்கி மீது நடவடிக்கை வேண்டும் என்பதே அதன் பேரம். 2022இல் ரஷ்ய எண்ணெய்த் தடையில் குழாய்வழி எண்ணெய்க்கு ஹங்கேரி விலக்குப் பெற்றது. கடற்கரையே இல்லாத, ரஷ்ய எண்ணெய்க்கேற்ப அமைந்த சுத்திகரிப்பாலையுள்ள நாடு அது. எனவே இதைச் சுயநலம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை என்பது என் எண்ணம். அன்ட்வேர்ப் வைரச் சந்தையுள்ள பெல்ஜியமும் தயங்கியது. ரஷ்ய வைரத்துக்கான தடை 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

எங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் கொசோவோ. 2008இல் அது சேர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தபின் ஸ்பெயின், கிரேக்கம், சைப்பிரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை. தங்கள் நாட்டிலும் பிரிவினை வரும் என்ற பயம்: ஸ்பெயினுக்குக் கட்டலோனியா, சைப்பிரசுக்கு அதன் வடபகுதி. "சுயநிர்ணயம்" என்ற சொல்லோடு போகும் மகஜர் இந்த ஐந்து மேசைகளில் முதலில் தடுக்கி நிற்கும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. அதைக் காணி விடுவிப்பு மகஜருக்குள் கலக்காதீர்கள் என்கிறேன்.

ஒருமனதான முடிவு வந்தாலும் அதன் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழாது. இதை வன்னி நேரில் கண்டது. 2002 போர்நிறுத்தக் கண்காணிப்புக்குழுவில் நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து என ஐந்து நாடுகள் இருந்தன. அனுசரணையாளர் நிலையைக் காப்பதற்காக, ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலைப் பின்பற்றுவதை நோர்வே 2006 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. மே மாதம் ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பட்டியலிட்டது. ஒன்றிய உறுப்பினரான சுவீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் அந்த முடிவின் பங்காளிகள், அதே வேளை அவர்களின் கண்காணிப்பாளர்கள் களத்தில் நின்றார்கள். அவர்கள் வெளியேறவேண்டும் என்று புலிகள் செப்டம்பர் 1ஐக் கெடுவாக வைத்தார்கள். குழுவில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் போனார்கள். எஞ்சிய இரு நாட்டாரால் அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. முடிவு பிறந்த பிரசல்சில் இல்லாத விலையைக் கண்காணிப்பு மெலிந்த ஊர்கள் கொடுத்தன.

ஜெனீவாவிலும் நட்பு வேறு, வாக்கு வேறு. 2021 மார்ச்சில் இலங்கைத் தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஒதுங்கியோர் 14. அந்த 14இல் ஜப்பானும் இந்தியாவும் இருந்தன. 2012, 2013இல் ஆதரித்த இந்தியா 2014இலேயே ஒதுங்கத் தொடங்கியது.

இனி நீங்கள் கேட்ட வழி. முதலில், வரும் அறிக்கையின் தலைப்பை வாசியுங்கள். "ஒன்றியத்தின் சார்பில் உயர் பிரதிநிதியின் பிரகடனம்" என்றிருந்தால் 27 நாடுகளும் சம்மதித்திருக்கின்றன, அதில் ஒரு வரி கிடைத்தாலும் கனம் பெரிது. "பேச்சாளரின் அறிக்கை" என்றால் அந்தச் சம்மதம் தேவைப்படவில்லை. விரைவாக வரும், ஆனால் எந்த நாட்டையும் கட்டாது.

அடுத்தது, வணிக வழியைப் பயன்படுத்துங்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் 27 சர்வதேசச் சமவாயங்களின் அமுலாக்கத்தோடு கட்டப்பட்டது, அதைக் கண்காணிப்பது ஆணைக்குழு. வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சமவாயம் இப்போதைய பட்டியலில் இல்லை. அதனால் அந்தப் பெயரில் எழுதினால் கோப்புக்குள் ஏறாமலே போகலாம். குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயமும் சித்திரவதைக்கு எதிரான சமவாயமும் இருக்கின்றன. உங்கள் விடயத்தை அவற்றின் உறுப்புரை எண்ணோடு இணையுங்கள். காணியென்றால் கிராம அலுவலர் பிரிவு, ஏக்கர், உறுதியோ அனுமதிப்பத்திரமோ, எந்தத் திகதியிலிருந்து யார் கையில், மாவட்டச் செயலகத்துக்கு எழுதிய கடிதத்தின் திகதி, வந்த பதில். இரண்டு பக்கம் போதும். ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம்.

அதை கொழும்பிலுள்ள ஒன்றியத் தூதுக்குழுவுக்கு மட்டும் அனுப்பாமல் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலித் தூதரகங்களுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஜெனீவாவுக்கான மகஜர் வேறு: அங்கே தீர்மானத்தை முன்னெடுத்த குழுவில் இருக்கும் பிரித்தானியாவும் கனடாவும் ஒன்றியத்துக்கு வெளியே நிற்பவை. அவற்றின் தூதரகங்களுக்கு, அமர்வு தொடங்கிய பிறகல்ல, வரைவு எழுதப்படுமுன்னரே அது போய்ச் சேரவேண்டும்.