வீட்டுப்பாடம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. நான் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றே எழுதுகிறாள். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. டியூஷன் வைக்கட்டுமா?
– வாசகி, விருதுநகர்

இதற்குப் போய் டியூஷன் எதற்கு? உங்கள் தமிழே போதும். ‘நேற்று கடைக்குப் போனேன்’ என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ‘போகவில்லை’ என்பாள், ‘போனவில்லை’ என்று தூக்கத்தில்கூடச் சொல்ல மாட்டாள். ‘போனேன்’ என்பதில் இருந்த இறந்த காலம் அங்கே இல்லை, வெறும் ‘போக’தான் நிற்கிறது. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ‘வென்ட்’ சுமந்த காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொள்கிறது, மிச்சம் ‘கோ’. ஆனால் கேள்வியில் தமிழ் கைகொடுக்காது. ‘போனாயா?’ என்று காலத்தோடுதானே கேட்கிறோம், அதனால்தான் பிள்ளைகள் ‘டிட் யூ வென்ட்?’ என்கிறார்கள். அங்கேயும் ‘டிட்’ வந்துவிட்டால் ‘கோ’தான் என்று தனியாகச் சொல்லிக்கொடுங்கள். சமைக்கும்போது தினம் நாலு வாக்கியம் வாயால் மாற்றச் சொன்னாலே பழகிவிடும்.

கேள்வி: மூன்றாவது படிக்கும் மகன் 503-இல் 278 போனால் 375 என்கிறான். கடன் வாங்கிக் கழி என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். கோபத்தில் கையும் ஓங்கிவிட்டேன்.
– வாசகர், தேனி

தயவுசெய்து கை ஓங்காதீர்கள். அவன் குத்துமதிப்பாக எழுதவில்லை. 3-இல் 8 போகாது என்பதால் 8-இல் 3-ஐக் கழித்திருக்கிறான், 7-இல் 0, 5-இல் 2, சரியாக 375 வருகிறது பாருங்கள். பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். அதோடு இந்தக் கணக்கில் கடன் கேட்கப் போகும் பக்கத்து வீட்டிலும் பூஜ்யம், குழந்தை எங்கே போவான்?

பழைய நோட்டைக் கிழித்து 100, 10, 1 ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவன் கையில் ஐந்து நூறும் மூன்று ஒன்றும் கொடுத்துவிட்டு, கடைக்காரராக உட்கார்ந்து 278 ரூபாய் கேளுங்கள். சில்லறை இல்லையே என்று அவனே விழிப்பான். ஒரு நூறைப் பத்து பத்தாக மாற்றட்டும், அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்றட்டும். இப்போது நூறு 4, பத்து 9, ஒன்று 13. எண்ணிக் கொடுத்தால் மிச்சம் 225. இதை நாலைந்து தடவை கையால் செய்த பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அப்புறம், விடையோடு 278-ஐக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் இப்போதே பிடித்துவிடுங்கள்.

கேள்வி: ½ + ¼ = 2/6 என்று எழுதுகிறாள் பேத்தி.
– வாசகி, கும்பகோணம்

அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள் அம்மா. முக்கால் என்று உடனே சொல்வாள். வாய்க்குத் தெரிந்தது பேனாவுக்குத் தெரியவில்லை. 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அது அரையைவிடக் குறைவு, அரை லிட்டர் பாலில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் குறையுமா என்று அவளையே கேளுங்கள். பிறகு ஒரு தாளை நாலாக மடித்துப் பிரியுங்கள். அரை என்பது இரண்டு கால் என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டால், 2/4 + 1/4 என்று தானே எழுதுவாள்.